பூனை மூடிவைக்கும் சேதி

ரெம்பாவிலிருந்து செம்போங் பக்கம் போகும் செம்பனைத் தோட்டங்களில், காலையில் தரையைப் பார்த்து நடப்பவர்கள் கண்ணில் சில எச்சங்கள் தப்பாமல் படும். குலை ஏற்றும் லாரி போகிற செம்மண் பாதையின் நட்ட நடுவில் ஒன்று கிடக்கும். விரல் பருமன், ஒரு முனை கூராக இழுபட்டிருக்கும், குச்சியால் கிளறினால் எலி மயிரும் பொடி எலும்பும் வரும். அது சிறுத்தைப்பூனையுடையது. மலாய்க்காரர்கள் அதைக் கூச்சிங் பத்து என்பார்கள். பத்தடி தள்ளி, வெட்டிப் போட்ட மட்டையின் மேல், பழக்கொட்டைகள் அப்படியே தெரிகிற குவியல் இருந்தால் அது மூசாங், அதாவது மரநாய் வைத்துவிட்டுப் போனது. இரண்டுமே எல்லார் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து வைத்தவை.

அதே தோட்டத்தின் லயத்து வீடுகளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வீட்டுப் பூனைகள் திரியும். அவற்றின் எச்சத்தைப் பார்ப்பது அபூர்வம். கீரைப் பாத்தியைக் கொத்தும்போது மண்வெட்டியில் சிக்கினால்தான் உண்டு. சிறுத்தைப்பூனையும் பூனைக் குடும்பம்தான். அதே தோட்டத்து எலிகளைத்தான் அதுவும் பிடிக்கிறது. ஒன்று நடுப்பாதையில் வைத்துவிட்டுப் போகிறது, மற்றொன்று குழி பறித்து மூடுகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் அந்தச் செய்கையைப் பக்கத்திலிருந்து பார்த்துவிடலாம். பூனை இடம் தேடும்போது மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு போகும். ஓரிடத்தில் நின்று முன்னங்காலால் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்க்கும். மண் இறுகியிருந்தாலோ ஈரமாக ஒட்டினாலோ விட்டுவிட்டு நகரும். பொலபொலவென்று உதிர்கிற மண் கிடைத்ததும் இரண்டு முன்னங்கால்களாலும் மாற்றி மாற்றித் தன் பக்கம் இழுத்துப் பள்ளம் செய்யும். பிறகு திரும்பி, பள்ளத்துக்கு மேல் பின்பாகத்தை இறக்கி உட்காரும். அந்த நேரத்தில் அதன் முகத்தில் ஒரு கவனம் இருக்கும், கூப்பிட்டாலும் திரும்பாது. முடிந்ததும் ஒரு சுற்றுச் சுற்றி மூக்கை வைத்து முகரும். எட்டி ஒரு காலை நீட்டி, தூரத்து மண்ணை இழுத்துப் போடும். முகரும். வேறு பக்கமாக நின்று இன்னும் கொஞ்சம் இழுக்கும். மறுபடி முகரும். கண்ணால் பார்த்துச் சரிசெய்கிற வேலையாக அது தெரிவதில்லை. மூக்கு போதும் என்றால்தான் கால் நிற்கிறது.

நாய் இப்படிச் செய்வதில்லை. நாய் பின்னங்கால்களால் மண்ணை உதைத்துப் பறக்கவிடும், ஆனால் மலம் வெளியேதான் கிடக்கும். அந்த உதைப்பு மறைப்பதற்காக அல்ல. கால் வாசனையையும் கீறல் தடத்தையும் சேர்த்துப் பதித்துத் தன் அடையாளத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறது. புலியும் பின்னங்காலால் தரையைக் கீறி, கீறிய இடத்தில் வைத்துவிட்டுப் போகும். பூனை முன்னங்காலால், தன்னை நோக்கி இழுத்து, மேலே மண் சேர்க்கிறது. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

நம் வீடுகளில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது. “பூனைக்கு இருக்கிற சுத்தம்கூட உனக்கு இல்லியே” என்று திட்டு வாங்காத தோட்டத்துப் பிள்ளை குறைவு. ரெம்பாவின் கம்போங்குகளிலும் பூனையைச் சுத்தமான பிராணி என்று மதித்து வீட்டுக்குள் வளர்க்கிறார்கள். பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொள்வதையும் மலத்தை மூடுவதையும் சேர்த்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் தாய்ப்பூனையைக் கவனித்தால் கதை மாறுகிறது. பிறந்து சுமார் மூன்று வாரம் வரை குட்டிகளால் தாமாகக் கழிக்க முடியாது. தாய் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கினால்தான் சிறுநீரும் மலமும் வரும். வருவதைத் தாய் அப்படியே விழுங்கிவிடும். நம் அர்த்தத்தில் சுத்தம் பார்க்கிற பிராணி செய்யும் காரியமா இது? தாய் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கிறது. குட்டிகள் கிடக்கும் பெட்டியோ விறகுக் கட்டு இடுக்கோ வாசனை விடக்கூடாது. அங்கே குட்டிகள் இருப்பது வெளியே யாருக்கும் தெரியக்கூடாது.

நாலு வாரம் ஆனதும் குட்டிகள் தாமாகவே மண்ணைப் பறிக்க ஆரம்பிக்கின்றன. தாயைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். தாயில்லாமல், பால்புட்டியில் வளர்ந்த குட்டியின் முன் மணல் தட்டை வைத்துப் பாருங்கள், அதுவும் பறிக்கும். தாய் பழக்குவது இடத்தை வேண்டுமானால் இருக்கலாம். பறிக்கும் செய்கை பிறவியிலேயே இருக்கிறது. சிமெண்டுத் தரையில் போய்விட்டுப் பக்கத்துச் சுவரைப் பறண்டுகிற பூனையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மண் இல்லை, மூடவும் முடியவில்லை, ஆனாலும் கால் ஓயாது. வாசனை இருக்கும்வரை செய்கை தொடர்கிறது.

இந்தப் பிறவிக் குணம் எங்கே உருவானது என்பதற்கு மரபணுவில் தடயம் இருக்கிறது. 2007-ல் கார்லோஸ் டிரிஸ்காலும் உடன் ஆய்ந்தவர்களும் 979 பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டு, உலகத்து வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்காசியாவில் வாழ்ந்த ஃபெலிஸ் லிபிகா என்னும் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்று காட்டினார்கள். சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதக் கல்லறை ஒன்றின் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது 2004-ல் வெளியானது. தானியக் குதிரும் எலியும் இருந்த இடத்தைத் தேடி வந்த விலங்கு இது. அதற்கு முன்னால் அது வறண்ட நிலத்தின் விலங்கு. இரையின் உடம்பில் இருக்கும் ஈரத்தைக் கொண்டே பெரும்பாலும் காலம் தள்ளும். அதனால் பூனையின் சிறுநீர், மனிதனுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தியாக முடியும். உண்பதெல்லாம் இறைச்சி, அதனால் கழிவில் கந்தகமும் நைட்ரஜனும் மிகுதி. இப்படிப்பட்ட கழிவின் நெடியை வறண்ட காற்று வெகுதூரம் கொண்டுபோகும்.

பூனை வாடையின் வேதியியலைப் பிரித்துக் காட்டியவர்கள் ஜப்பானியர்கள். இவாத்தே பல்கலைக்கழகத்தின் மசாவோ மியாசாக்கியும் அவருடைய குழுவினரும், பூனையின் சிறுநீரில் ஏராளமாக வெளியேறும் காக்ஸின் என்ற புரதம் என்ன செய்கிறது என்று 2006-ல் விளக்கினார்கள். அது ஃபெலினின் என்ற அமினோ அமிலத்தை உண்டாக்க உதவுகிறது. ஃபெலினின் சிதையும்போது கந்தகச் சேர்மங்கள் கிளம்புகின்றன. பூனைச் சிறுநீரின் அந்தக் குமட்டும் நெடி அவற்றுடையது. விதையெடுக்காத ஆண் பூனையிடம் இது மிக அதிகம். 2018-ல் இதே குழு மலத்தையும் ஆராய்ந்தது. அந்தக் கந்தகச் சேர்மங்களில் ஒன்று மலத்திலும் இருந்தது, ஆணிடம் பெண்ணைவிடக் கூடுதலாக. அதோடு கொழுப்பு அமிலங்களின் கலவை பூனைக்குப் பூனை மாறியது. இது ஆண், இது பெண், இது இன்னார் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஜப்பானில் 2012-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பழகிய பூனையின் மலத்தைவிட அறியாத பூனையின் மலத்தைப் பூனைகள் அதிக நேரம் முகர்ந்தன. எழுதியிருப்பதை அவை படிக்கவும் செய்கின்றன.

ஆகவே பூனை மண்ணுக்குள் மூடுவது அழுக்கையல்ல, தன்னைப் பற்றிய சேதியை. எனக்கு இதில் சந்தேகமில்லை. மண் அந்த வேலைக்குத் தோதானது. களித்துகள்களும் மக்கிய இலைதழையும் வாசனை மூலக்கூறுகளைப் பிடித்து நிறுத்துகின்றன, மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் மிச்சத்தைச் சிதைக்கின்றன. இரண்டு விரற்கடை மண்ணே பெரிய வித்தியாசம் செய்யும்.

யாரிடமிருந்து மறைக்கிறது? வேட்டையாடும் விலங்கு என்றாலும் பூனை சிறிய விலங்கு. பிறருக்கு இரையாகவும் ஆகும். ரெம்பாவில் அதற்கு எதிரிகள் கண்முன்னே இருக்கிறார்கள். செம்பனை மட்டைக் குவியலில் எலிக்காகப் படுத்திருக்கும் மலைப்பாம்பு வீட்டுப் பூனையையும் விடாது. ஓடைக்கரை உடும்பு நாக்கை நீட்டி நீட்டி வாசனையைச் சுவைத்துக்கொண்டே வரும், குட்டிகளைக் கண்டால் விழுங்கிவிடும். தோட்டத்து நாய்க் கூட்டம் வேறு. இவை எல்லாமே வாசனையைப் பிடித்து வருகிறவை. தன்னைவிட வலுத்த ஆண் பூனைகளும் இந்தப் பட்டியலில் உண்டு. வலுத்த பூனைக்கு அடங்கித்தான் எளிய பூனை மூடுகிறது, தலைமைப் பூனை மூடாது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அதை முழு விளக்கமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தனியாக ஒரே வீட்டில், போட்டிக்கு ஒரு பூனையும் இல்லாமல் வாழ்கிற பூனையும் மூடத்தான் செய்கிறது.

எனக்கு அதிகம் உதவிய அவதானிப்பு சுவீடனிலிருந்து வந்தது. ஓலோஃப் லீபெரி என்பவர் அந்த நாட்டின் தெற்கே, வயல்வெளிப் பண்ணைகளில் கட்டுப்பாடில்லாமல் திரிந்த பூனைகளைத் தொடர்ந்து கவனித்து 1980-ல் எழுதினார். வீட்டுக்கு அருகில் பூனைகள் மூடின. தொலைவில் வேட்டைக்குப் போன இடத்தில் மூடாமல் விட்டன. ஒரே பூனை, இரண்டு நடத்தை. தங்கும் இடத்தில் தன்னை மறைத்துக்கொள்கிறது, எல்லையில் தன்னை அறிவிக்கிறது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு நம் தோட்டத்துக்குத் திரும்பினால் முதலில் கேட்ட கேள்வி பாதி அவிழ்ந்துவிடும். சிறுத்தைப்பூனை தனியாகப் பரந்த இடத்தில் அலைவது. இன்னொரு சிறுத்தைப்பூனையை நேரில் சந்திப்பது எப்போதாவதுதான். லாரிப் பாதை எல்லாரும் கடந்துபோகும் வழி, சேதி வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சபாவின் தாபின் காட்டையொட்டிய செம்பனைத் தோட்டங்களில் சிறுத்தைப்பூனை என்ன தின்கிறது என்று ஆராய்ந்தவர்கள் அதன் எச்சங்களைச் சேகரித்துத்தான் அது பெரும்பாலும் எலியைத் தின்று வாழ்கிறது என்று கண்டுகொண்டார்கள். அது மூடுகிற விலங்காக இருந்திருந்தால் அந்த ஆய்வுக்குப் பொருளே கிடைத்திருக்காது. லயத்துப் பூனையின் உலகமோ மிகச் சிறியது. ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டிலும் மீன் தலை விழுகிறது. எலி பிடிக்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அதற்கு எல்லை என்று தனியே ஒன்றில்லை, சுற்றிலும் வீட்டோரம்தான். அதனால் எங்கே போனாலும் மூடுகிறது. இது என் அனுமானம். ஆனால் லயத்தை விட்டுத் தோட்டத்துக்குள் நெடுந்தூரம் போய் வேட்டையாடும் கிழட்டுக் கடுவன்கள் பாதையோரம் மூடாமல் விட்டுப்போவதைப் பார்க்கும்போது இதுவே பொருத்தமாகப் படுகிறது. அதே கடுவன் தூண்மேல் பீய்ச்சுகிற சிறுநீரையும் ஒருபோதும் மூடாது. அது படிக்கப்படுவதற்காகவே எழுதியது.

நோய் வராமல் இருக்கத்தான் புதைக்கிறது என்ற விளக்கம் மிச்சமிருக்கிறது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நமக்குத் தோட்டத்து மண் கற்றுக்கொடுத்தது இதற்கு நேர் எதிரானது, மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணுக்கு வரும். நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கும் இளம்புழுவாகிவிடும். தோலைத் துளைக்கும் என்பதை 1898-ல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் தற்செயலாகக் கண்டார். புழுக்கள் நீந்திய நீர் அவர் கைமேல் சிந்தியது, அரித்தது, சில வாரங்களில் அவர் மலத்திலேயே முட்டைகள் தெரிந்தன. ரப்பர் தோட்டங்களில் இது எப்படி ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விடியுமுன் வெறுங்காலோடு பால்மரங்களுக்கு நடுவே நடந்த நம் தாத்தா பாட்டிகளுக்குக் கக்கூஸ் கட்டிக்கொடுத்த தோட்டங்கள் அந்நாளில் குறைவு. மரத்தடிதான் ஒதுங்குமிடம், அதே மரத்தடிதான் வேலைத்தலம். புழு காலில் ஏறியது, குடலில் ஒட்டி இரத்தம் குடித்தது. வெளிறிப்போய், மூச்சு வாங்கி, வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தார்கள். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய டார்லிங், பார்பர், ஹேக்கர் ஆகிய மூவர் மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தார்கள். 1920-ல் அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது சோகையும் காய்ச்சலும் என்பது எழுத்தில் பதிந்தது. எனக்கு அந்தப் பழிச்சொல்லைக் கேட்கும்போது இன்றும் கோபம் வருகிறது.

பூனைக்கும் இதற்கும் உறவு உண்டு. 1911-ல் அதே லூஸ், சிலோனிலிருந்து வந்த ஒரு புனுகுப்பூனையின் குடற்புழுவுக்கு ஆன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்று பெயரிட்டார். அது நாய், பூனை, மனிதன் மூவரிடமும் வாழக்கூடியது. தோட்டத்து மக்களை வாட்டியது பெரும்பாலும் நெகாட்டர் என்ற மனிதக் கொக்கிப்புழுதான். ஆனால் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், தீபகற்ப மலேசியாவின் கிராமப்புற மக்களிடம் கண்ட கொக்கிப்புழுக்களில் ஏறத்தாழ கால்வாசி இந்தச் சிலானிக்கம் வகை. அங்கேயே பரிசோதித்த நாய் பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் கொக்கிப்புழு இருந்தது. மூடிய மண் இந்த முட்டைகளுக்கு வெயில் படாத தொட்டில். இளம்புழு மண்ணுக்குள்ளிருந்து மேல்நோக்கி ஏறியும் வரும்.

டாக்ஸோபிளாஸ்மாவும் அப்படித்தான். 1908-ல் கண்டறியப்பட்ட இந்த நுண்ணுயிரி பூனைக் குடலில் மட்டுமே தன் பாலினப் பெருக்கத்தை முடிக்கும் என்பது 1970-ஐ ஒட்டித்தான் உறுதியானது. முதல்முறை தொற்றிய பூனை ஒன்றிரண்டு வாரம் கோடிக்கணக்கில் அதன் உறைவித்துகளை மலத்தில் வெளியேற்றும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். வெளிவந்ததும் அவை தொற்றாது, முதிர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். முதிர்ந்தபின் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். வெயிலிலும் வறட்சியிலும்தான் சாகும். எலிக்குள் புகுந்தால் எலிக்குப் பூனை வாடை மீதுள்ள பயத்தையே குறைத்துவிடுகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பெர்டாயும் சகாக்களும் 2000-இல் காட்டினார்கள். பூனை மூடுவது இந்த ஒட்டுண்ணியை ஒழிக்கவில்லை, பத்திரப்படுத்துகிறது. மலத்தின் அருகே படுக்காமல், தின்னாமல் ஒதுங்குவதுதான் பூனையைக் காக்கிறது. மூடுவது அந்த வேலையைச் செய்வதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான் வீடுகளுக்கு வந்தபின் பூனைகளும் கூடவே வந்துவிட்டன. பொலபொலப்பான மண்ணைத்தான் காணோம். முற்றம் சிமெண்டு, வாசல் டைல்ஸ். பூனை கண்டுபிடிப்பது அடுத்த வீட்டுக்காரர் நேற்றுக் கொத்திவிட்ட மிளகாய்ப் பாத்தியை, கட்டட வேலைக்குக் கொட்டிய மணலை, பிள்ளைகள் விளையாடும் இடத்தை. “உங்க பூனை எங்க கீரையில வந்து போகுது அக்கா” என்று தொடங்கும் சண்டைகள் எத்தனையோ. பூனையின்மேல் குற்றமில்லை, அதன் மூதாதை தேடிய மண்ணைத்தான் அதுவும் தேடுகிறது.

மண் தட்டு வைப்பதுதான் வழி. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட்வர்டு லோ என்பவரிடம் அண்டை வீட்டுப் பெண் மணல் கேட்டு வந்தார், அவருடைய மணல் குவியல் பனியில் உறைந்திருந்தது. லோ ஈரம் உறிஞ்சும் களிமண் குருணையைக் கொடுத்தனுப்பினார். கடைகளில் மூட்டையாக விற்பதெல்லாம் அதன் வாரிசுகள். நம் ஊரில் சலித்த ஆற்று மணலே போதும். தட்டு பூனை திரும்பி நிற்கும் அளவுக்கு அகலமாக, மணல் மூன்று விரல் ஆழமாக இருக்கட்டும். வாசனை போட்ட குருணை வேண்டாம், பூனையின் மூக்குக்கு அது தொந்தரவு. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒழுங்காக மூடிவந்த பூனை திடீரென்று தட்டுக்கு வெளியே போனாலோ மூடாமல் ஓடினாலோ திட்டாதீர்கள். வலி, சிறுநீர்க்கோளாறு, தட்டின் அழுக்கு என்று ஏதோ காரணம் இருக்கும், மிருக மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலத்தைத் தினமும் அள்ளிவிட வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா முதிரக் குறைந்தது ஒரு நாள் வேண்டுமே, அதற்கு முன்னால் எடுத்துவிடுவது நல்லது. கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடட்டும், முடியாவிட்டால் கையுறை போட்டுக்கொள்ளட்டும். அவர்களுக்குப் பூனையைவிடப் பெரிய கவலை அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத கீரையும்தான், அதனால் பூனையைத் துரத்த வேண்டாம். கீரை விதைத்த பாத்தியில் கோழிக்கம்பி வலையைப் படுக்கப் போட்டு மேலே லேசாக மண் தூவிவிட்டால் பூனையின் கால் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த இடம் தேடும். தண்டு வலைக் கண்ணுக்குள் புகுந்து வளரும். பாத்தியில் இறங்கும்போது செருப்பு காலில் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கும்.